வியூஸ் இறங்கினால் கிளையன்ட்டிடம் என்ன சொல்வது?

கேள்வி: ஈரோட்டில் ஒரு சின்ன டிஜிட்டல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். எங்கள் கிளையன்ட் ஒரு ஜவுளிக்கடை. இன்ஸ்டாகிராம் வியூஸ் ஜூலையில் ஐந்தரை லட்சம், ஆகஸ்டில் இரண்டு லட்சம்கூட வரவில்லை. கடை முதலாளி கேட்டபோது ‘அல்காரிதம் மாறிடுச்சுங்க’ என்றேன். ‘எறங்கும்போதெல்லாம் இதையேதான் சொல்றீங்க தம்பி’ என்று போனை வைத்துவிட்டார். இந்த மாதிரி நேரத்தில் எப்படி விளக்குவது?

பதில்:

அவர் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அல்காரிதம், அதாவது யாருக்கு எந்தப் பதிவைக் காட்டுவது என்று ஆப் முடிவெடுக்கும் முறை, மாறிவிட்டது என்பது பொய்யாகக்கூட இருக்காது, அங்கே ஏதாவது ஒரு மாற்றம் எப்போதும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த மாதம் பணத்தைக் கூட்டுவதா, குறைப்பதா, இல்லை உங்களையே மாற்றிவிடுவதா என்று முடிவெடுக்க அது எந்த விதத்திலும் உதவாது.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். ஜூலையில் ஐந்தரை லட்சம் வந்தபோது அவருக்கு என்ன எழுதினீர்கள்? பெரும்பாலும் ‘செம ரெஸ்பான்ஸ் அண்ணா, நம்ம கன்டென்ட் பிக்கப் ஆயிடுச்சு’ என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு போயிருக்கும். இந்தத் தொழிலில் எல்லோரும் அனுப்புவதுதான். ஏறினால் நம் திறமை, இறங்கினால் அல்காரிதம் என்றால் காலமெல்லாம் வியாபாரம் பார்த்தவர் எப்படி நம்புவார்? இறக்கத்தை விளக்குவது கடினமாக இருப்பதற்குப் பாதிக் காரணம், ஏற்றம் வந்தபோது நாம் அதை விளக்காமல் கொண்டாடியதுதான்.

சரி, உங்கள் எண்ணுக்கு வருவோம். கணக்கை நான் பார்க்கவில்லை. ஆனால் ஒரே மாதத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் என்றால் முதலில் ஒன்றைத்தான் தேடுவேன்: ஜூலையில் ஏதாவது ஒரு ரீல் மட்டும் தனியாக ஓடியிருக்கிறதா? உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுகிறேன். ஜூலையில் 20 பதிவு. ஒரு ரீல் மட்டும் 4,00,000 வியூஸ், மற்ற 19-ம் ஆளுக்கு 8,000 சுற்றி. மொத்தம் 5,52,000. ஆகஸ்டிலும் 20 பதிவு, எல்லாமே 9,500 சுற்றி. மொத்தம் 1,90,000. எண்களைக் காட்டும் திரையான டேஷ்போர்டு 65 சதவீதத்துக்கு மேல் சரிவு என்று சிவப்பு அம்புக்குறி போடும். ஆனால் அந்த ஒரு ரீலை ஓரமாக வைத்துப் பார்த்தால் வழக்கமான ஒரு பதிவுக்குக் கிடைப்பது 8,000-லிருந்து 9,500 ஆக ஏறியிருக்கிறது, ஏறக்குறைய 19 சதவீதம். கணக்கு வளர்ந்திருக்கிறது, ரிப்போர்ட்டோ சரிந்துவிட்டதாகச் சொல்கிறது.

அதனால்தான் மொத்தத்தையும் சராசரியையும் மட்டும் நம்பாதீர்கள் என்கிறேன். மேலே சொன்ன ஜூலையின் சராசரி 27,600. அந்த மாதத்தில் ஒரு பதிவுகூட 27,600 பக்கம் போகவில்லை. பதிவுகளை வியூஸ்படி வரிசையாக அடுக்கி, நடுவில் நிற்கும் பதிவு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு எக்செல் சூத்திரம் போதும். மாதாமாதம் அந்த எண்ணைச் சொல்லிப் பழக்கிவிட்டால், ரீல் ஓடும் மாதத்தில் கிளையன்ட் துள்ளவும் மாட்டார், அடுத்த மாதம் துவளவும் மாட்டார்.

அடுத்து பணம். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடுகிறது, ஆடித் தள்ளுபடிக்கு பூஸ்ட் போட்டிருப்பீர்கள், அதாவது காசு கட்டிப் பதிவைப் பரப்பியிருப்பீர்கள். ஆகஸ்ட் நடுவில் ஆடி முடிந்ததும் நிறுத்தியிருப்பீர்கள். காசு கொடுத்து வந்த வியூஸையும் தானாக வந்ததையும் ஒரே எண்ணாகக் காட்டியிருந்தால், பட்ஜெட்டைக் குறைத்த அன்றே உங்கள் ரிப்போர்ட்டில் சரிவு எழுதியாகிவிட்டது. இரண்டையும் எப்போதும் தனித்தனியாகக் காட்டுங்கள். முதலாளியே ‘இந்த மாசம் விளம்பரத்துக்கு வேண்டாம்’ என்று சொல்லியிருப்பார், மறந்தும் போயிருப்பார். அந்த வாட்ஸ்அப் செய்தியைத் தேடி எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டாம். ‘ஆகஸ்டில் பூஸ்ட் இத்தனை ரூபாய் குறைவு, அதனால் வந்த வித்தியாசம் இவ்வளவு’ என்று ஒரு வரி போதும்.

மூன்றாவதுதான் நம் ஆட்கள் அதிகம் கவனிக்காதது: எண்ணும் விதமே மாறிவிடுவது. நாம் நினைப்பதைவிட இது அடிக்கடி நடக்கிறது. 2024 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி, இனி ரீல், ஸ்டோரி, போட்டோ எல்லாவற்றுக்கும் வியூஸ்தான் முதன்மை அளவு என்று அறிவித்தார். பழைய ரிப்போர்ட்டில் இம்ப்ரெஷன் (திரையில் தோன்றிய தடவைகள்) என்றும் பிளேஸ் (வீடியோ ஓடிய தடவைகள்) என்றும் இருந்த இடங்களுக்கு வியூஸ் வந்தது. ஒரே ஆள் ஒரே ரீலை நாலு தடவை ஓட விட்டால் நாலு வியூ. ரீச் என்பது மட்டும் இன்னும் தனித்தனி கணக்குகளின் எண்ணிக்கை.

யூடியூபில் இது இன்னும் பட்டவர்த்தனம். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் வீடியோ ஓடத் தொடங்கினாலே, திரும்ப ஓடினாலே ஒரு வியூ என்று ஆக்கிவிட்டார்கள். இத்தனை விநாடி பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை போய்விட்டது. விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர்கூட கணக்கில் சேருவார். அந்த ஏப்ரலில் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டிருந்த சேனல்களுக்கெல்லாம் வியூஸ் எகிறியது இதனால்தான். பழைய கணக்கை என்கேஜ்ட் வியூஸ் என்ற பெயரில் அனலிட்டிக்ஸில் தனியாக வைத்திருக்கிறார்கள். ஷார்ட்ஸுக்குக் காசு கொடுப்பதும், சேனலை வருமானத்தில் பங்கு தரும் பார்ட்னர் திட்டத்தில் சேர்க்கலாமா என்று பார்ப்பதும் அந்தப் பழைய கணக்கை வைத்துத்தான். பணம் எண்ணிக் கொடுக்கும் இடத்தில் யூடியூபே எந்த எண்ணை நம்புகிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் ரிப்போர்ட்டில் ‘ஷார்ட்ஸ் இரண்டு மடங்கு வளர்ச்சி’ என்று எழுதிய ஏஜென்சிகள், 2026 ஏப்ரலில் அந்த எண்ணோடு ஒப்பிட்டு ஏன் வளரவில்லை என்று கேட்டால் முழிக்க வேண்டியதுதான்.

ஜவுளிக்கடைக்காரரிடம் இதையெல்லாம் அவர் கடையை வைத்தே சொல்லிவிடலாம். வாசலைக் கடந்து போனவர்கள் எத்தனை முறை போனாலும் அத்தனையும் வியூஸ், அவர்களில் எத்தனை தனித்தனி ஆள் என்பது ரீச், படியேறி வந்து ‘இது என்ன விலை’ என்று கேட்டவர்கள் எங்கேஜ்மென்ட். பில் போட்டவர் கணக்கு அவர் கல்லாவில் இருக்கிறது, இன்ஸ்டாகிராமிடம் இல்லை. ஒரு தடவை இப்படிச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அவரே ‘படியேறினது எத்தனை’ என்றுதான் கேட்பார்.

நமக்குள் நடக்கும் ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளின் ரீச்சையும் கூட்டி மாத ரீச் என்று போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தினம் 5,000 பேர் என்றால் 30 நாளைக்கு 1,50,000 என்று. அப்படிக் கூட்டவே கூடாது, தினமும் பார்ப்பவர்களில் பெரும்பகுதி அதே ஆட்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் சரியான மாத ரீச்சை நேரடியாக எடுத்துப் போடும் மாதத்தில் எண் பாதிக்கும் கீழே விழும். கிளையன்ட்டுக்கு எதுவும் ஆகவில்லை, ரிப்போர்ட் போடும் கை மாறியிருக்கிறது. கிளையன்ட்டிடம் போவதற்கு முன் இரண்டு மாத எண்களும் ஒரே இடத்திலிருந்து, ஒரே முறையில் எடுக்கப்பட்டவையா என்று பார்த்துவிடுங்கள்.

விகிதங்களில் இன்னும் பெரிய குழி இருக்கிறது. எங்கேஜ்மென்ட் விகிதத்தை ரீச்சால் வகுத்துச் சொல்பவரானால், ரீல் ஓடிய மாதத்தில் அது இறங்கத்தான் செய்யும். புதிதாக வந்த லட்சம் பேரில் பலர் பார்த்துவிட்டுப் போவார்கள், லைக் போட மாட்டார்கள். மேலே உள்ள எண் கொஞ்சம் ஏறும், கீழே உள்ள எண் நிறைய ஏறும். 4 சதவீதம் 3 சதவீதமானதை ‘ஒரு சதவீதம்தான் குறைஞ்சிருக்கு’ என்று ஒருவர் சொல்வார், ‘கால்வாசி போச்சு’ என்று இன்னொருவர் சொல்வார், இருவரும் தவறில்லை. எதைச் சொன்னாலும் எதை எதால் வகுத்தீர்கள் என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இந்த வகுத்தலில் ஃபேஸ்புக்கே சறுக்கியது ஊரறிந்த கதை. ஒரு வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று கணக்கிடும்போது, 3 விநாடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டும் வைத்து வகுத்துவிட்டார்கள். உடனே தள்ளிவிட்டுப் போனவர்கள் கணக்கிலேயே இல்லை. சராசரி ஊதிப்போனது. 2016 செப்டம்பரில் விஷயம் வெளியே வந்தது, விளம்பரதாரர்கள் வழக்குப் போட்டார்கள், 2019-ல் 4 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள்.

விளம்பரக் கணக்கில் வாங்கியவர் எண்ணிக்கை குறைந்தால், விளம்பரத்தைத் தொட்ட பிறகு எத்தனை நாள் வரைக்குமான விற்பனை கணக்கில் சேருகிறது என்று பாருங்கள். 2021 தொடக்கத்தில் ஃபேஸ்புக் விளம்பரங்களுக்கு அதுவரை வழக்கமாக இருந்த 28 நாள் கணக்கு 7 நாளாகச் சுருங்கியது. அந்த ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 14.5 மூலம், ஆப்கள் நம்மைக் கண்காணிக்க அனுமதி கேட்டே ஆகவேண்டும் என்று கொண்டுவந்தது. அதனால் 2022-ல் மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் நிதி அதிகாரியே சொன்னார். நம்மூர் ஏஜென்சிகள் பலவும் அப்போது எல்லாப் பழியையும் ஐபோன்மேல் போட்டன. ஈரோட்டில் சேலை வாங்குபவர்களில் பெரும்பாலோர் கையில் ஆண்ட்ராய்டுதான் இருக்கிறது. அவர்கள் விஷயத்தில் பெரிதாக அடித்தது 7 நாள் கணக்குதான். கல்யாணப் பட்டு எடுக்கும் குடும்பம் விளம்பரத்தைப் பார்த்து, அத்தைக்கு அனுப்பி, நல்ல நாள் பார்த்து, மூன்று வாரம் கழித்துத்தான் வண்டி ஏறும். ஏழு நாள் தாண்டி வந்த அந்தக் குடும்பத்தை விளம்பரம் கொண்டுவந்ததாக டேஷ்போர்டு எழுதாது.

ஃபாலோயர்ஸ் ஒரே நாளில் குறைந்தால் பெரும்பாலும் போலிக் கணக்குகளைக் களையெடுத்திருப்பார்கள். 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் செய்தது, 2018 ஜூலையில் ட்விட்டர் செய்தது. பெரிய நட்சத்திரங்களுக்கே லட்சக்கணக்கில் போனது. இதற்கு நீளமான விளக்கம் தேவையில்லை.

காலத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் நம் கிளையன்ட்டுகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்த விஷயம் அது. புரட்டாசியில் பிரியாணிக் கடைக்கு ஏன் விசாரணை குறைகிறது என்று கடைக்காரரிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ரிப்போர்ட் அதைக் கண்டுகொள்வதே இல்லை, செப்டம்பரை ஆகஸ்டோடு ஒப்பிட்டுச் சிவப்பு அம்பு போடும். சரி, போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிடலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. ஜவுளிக்கடைக்கு 2023 அக்டோபரில் தீபாவளி வியாபாரம் அப்போதுதான் சூடு பிடிக்கிறது, 2024 அக்டோபர் முழுக்க முழுக்கத் தீபாவளி, 2025 அக்டோபரின் கடைசிப் பத்து நாள் ஓய்வு. இந்த மூன்று அக்டோபரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வளர்ச்சி விகிதம் போடுவதில் அர்த்தமே இல்லை. தீபாவளிக்கு முந்தைய 30 நாள் என்று எடுத்து ஒப்பிட்டால்தான் ஏதாவது தெரியும். அந்த நாட்களில் பெரிய கடைகளும் ஆன்லைன் கம்பெனிகளும் விளம்பர ஏலத்தில் குதிப்பதால், அதே ரூபாய்க்குக் கிடைக்கும் ஆட்கள் குறைவாக இருப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். நடந்தபிறகு சொன்னால் அது சாக்கு மாதிரித்தான் கேட்கும்.

அப்புறம், உண்மையிலேயே நம் வேலை சரியில்லாத மாதங்களும் உண்டு. எடிட்டர் லீவில் போயிருப்பார், வாரம் ஐந்து ரீல் போன இடத்தில் இரண்டு போயிருக்கும். அல்லது நாலு வாரமும் அதே சிவப்பு மஞ்சள் தள்ளுபடி போஸ்டர். இதை மறைக்க பிளாட்பாரத்தை இழுக்காதீர்கள். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தலைவர் மார்க் ஜக்கர்பெர்க், ஆப்பைத் திறந்ததும் வரும் நியூஸ் ஃபீடில் நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்தார். வைரல் வீடியோக்களைக் குறைத்ததால் மக்கள் ஃபேஸ்புக்கில் செலவிடும் நேரம் ஒரு நாளைக்கு சுமார் 5 கோடி மணி நேரம் குறைந்திருக்கிறது என்று அந்த மாதக் கடைசியில் முதலீட்டாளர்களிடம் அவரே சொன்னார். அவருடைய நோக்கத்தைப் பற்றி நமக்கு ஆயிரம் கருத்து இருக்கலாம். ஆனால் சொன்ன விதத்தைப் பாருங்கள்: எவ்வளவு குறைந்தது, எதனால், அது எங்கள் முடிவுதான். கிளையன்ட்டுக்கு எழுதும்போதும் இந்த மூன்றும் இருந்தால் போதும்.

உங்கள் முதலாளிக்கு நான் எழுதுவதாக இருந்தால், மேலே சொன்ன உதாரண எண்களை வைத்து, இப்படி எழுதுவேன்:

‘அண்ணா, வணக்கம். ஆகஸ்ட் வியூஸ் 1,90,000. ஜூலையில் 5,52,000. ஜூலை எண்ணில் 4,00,000 ஒரே ரீலுக்கு வந்தது, பார்த்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் பின்தொடராதவர்கள். அதை விட்டுப் பார்த்தால் நம் வழக்கமான பதிவு 8,000-லிருந்து 9,500 ஆகியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் விலை கேட்டவர்கள் ஜூலையில் 62 பேர், ஆகஸ்டில் 71 பேர். ஜூலையில் நான் மொத்த எண்ணை மட்டும் அனுப்பினேன், இனி ஓடின ரீலைத் தனியாகக் காட்டுகிறேன். செப்டம்பரில் பட்டு, காட்டன் இரண்டுக்கும் விலையோடு வீடியோ போடலாம் என்று இருக்கிறோம். நாளை கடைக்கு வரட்டுமா?’

இதில் அல்காரிதம் என்ற சொல்லே இல்லை. முதல் வரியிலேயே கெட்ட எண் இருக்கிறது, அதை அவர் தேட வேண்டியதில்லை. விலை கேட்டவர்கள் எண்ணிக்கை குறைந்திருந்தால் அதையும் இதே இடத்தில் எழுதியிருப்பேன். இது ரிப்போர்ட்டுக்கு முன்னால் போக வேண்டும், அவர் திறந்து பார்த்துப் போன் செய்த பிறகு அல்ல. சின்ன மாறுதல்களுக்கு இவ்வளவு எழுத வேண்டாம். மாதத்துக்கு மாதம் பத்து சதவீதம் மேலே கீழே போவதற்கெல்லாம் காரணம் தேடினால் நாமே கதை கட்டத் தொடங்கிவிடுவோம். ‘வழக்கமான ஏற்ற இறக்கம்தான் அண்ணா’ என்று சொல்லவும் தெரிய வேண்டும்.

ரிப்போர்ட் ஷீட்டில் தேதிக்குப் பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு தனி நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள். பூஸ்ட் தொடங்கிய நாள், நிறுத்திய நாள், பண்டிகை, எண்ணும் விதம் மாறிய நாள், ஆப் படுத்துக்கொண்ட நாள் எல்லாம் அன்றன்றே அதில் ஏறிவிட வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. நாலு மாதம் கழித்து கிராஃபில் அந்தப் பள்ளத்தைக் காட்டி ‘இங்க என்ன ஆச்சு’ என்று கேட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

கடைசியாக, உங்கள் ஒப்பந்தத்தில் ‘மாதம் 3 லட்சம் வியூஸ்’ என்கிற மாதிரி எதையாவது எழுதிக் கொடுத்திருந்தால் அதை இப்போதே பேசி மாற்றிவிடுங்கள். வியூ என்றால் என்ன என்பதை நாளைக்கே பிளாட்பாரம் மாற்றி எழுதலாம், அதற்கு நீங்கள் பொறுப்பேற்க முடியாது. அதற்குப் பதில் மாதம் எத்தனை பதிவு, பூஸ்ட் இல்லாத பதிவுகளில் நடுவில் நிற்பது எவ்வளவு, வாட்ஸ்அப்பில் எத்தனை விசாரணை என்று போடுங்கள். எந்த எண் எந்தத் திரையிலிருந்து எடுக்கப்படும், எண்ணும் முறை மாறினால் இருவரும் உட்கார்ந்து இலக்கைத் திருத்திக்கொள்வோம் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.